அழைத்தவருக்கே பொறுப்பு

2024 மே 17, வெள்ளிக்கிழமை. சாரல் சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனால், கோடை மழையில் பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்ற சேதி போன்களில் பரவியிருந்தது. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, அருவியில் நல்ல கூட்டம். பிற்பகலில் மலைமேல் பெய்த மழை ஒரே மூச்சில் கீழே இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிக்கட்டுகளில் விழுந்தடித்து ஓடினார்கள். நெல்லையிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வெள்ளக் காட்சி அன்று இரவுக்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அலறல், ஓட்டம், சேற்று நிறத் தண்ணீர் எல்லாவற்றையும் சென்னையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், துபாயில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அருவிக்கடியில் நின்றவர்களுக்கு மட்டும் முன்கூட்டி ஒரு வார்த்தை வந்து சேரவில்லை.

இதை இயற்கைச் சீற்றம் என்று எழுதி மூடிவிடுவது தவறு. அந்த வாரம் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களுக்கு வானிலை ஆய்வு மையத்தின் கனமழை எச்சரிக்கை இருந்தது. மக்களை அருவிக்கு வரச் சொல்ல நம்மிடம் ஆயிரம் வழி இருக்கிறது. அருவியை விட்டு விலகச் சொல்ல ஒரு வழிகூட அன்று வேலை செய்யவில்லை. கருவிகளை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தாமல் விடுவது என்பதை மனிதர்களே முடிவு செய்கிறார்கள். அப்படி முடிவு செய்தவர்கள் இந்த மரணத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வீடியோ எடுத்தவர்களை நாம் கூண்டில் ஏற்றவில்லை. பயத்தில் ஓடுகிறவன் கையிலிருந்த கேமராவும் அவனோடு ஓடியது, அவ்வளவே. 2022 டிசம்பர் கடைசியில் இதே பழைய குற்றாலத்தில் தண்ணீர் இழுத்துப் போன நான்கு வயதுச் சிறுமியை, சுற்றுலா வந்திருந்த ஒரு கார் டிரைவர் பாறையில் இறங்கி மீட்டார். உயிரைப் பொருட்படுத்தாத அந்த மனிதரின் துணிவும் ஒரு போன் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. அதே இடம், அதே கருவி. ஒருமுறை நல்ல சேதி தந்தது, ஒருமுறை சாவைக் காட்டியது. கருவியைத் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை.

நம் ஊர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவனுக்கு ஒரு முறை தெரியும். அழைத்தவன் வாசலில் நிற்க வேண்டும். வந்தவர் சாப்பிட்டாரா, திரும்பிப் போகப் பஸ் கிடைத்ததா என்பதுவரை அவன் பாடு. வந்த இடத்தில் விருந்தாளிக்கு ஒன்று என்றால், ஊர் முதலில் கேள்வி கேட்பது அழைத்தவனைத்தான். குற்றாலத்தின் கதையை இந்த முறையை வைத்தே நாம் எடைபோட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

குற்றாலத்துக்கு மக்களை அழைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1904-இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் வந்தபோது, அருவி தெற்கே இருந்தவர்களுக்கு ஒருநாள் தூரத்துக்குள் வந்தது. பிறகு பத்திரிகைகள் அழைத்தன. ரசிகமணி டி.கே.சி. அழைத்தார். நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் குழாமும், பின்னாளில் குற்றாலத்தில் அவர் இருந்த வீடும் எத்தனை பேரை ஒன்று சேர்த்தன என்பது தமிழ் இலக்கிய வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். டி.கே.சி. எழுதிய கடிதங்கள் தனி நூல்களாகவே வந்திருக்கின்றன. இன்றைய பேச்சில் சொன்னால், அதுவும் ஒரு சமூக வலைத்தளம்தான். ஆனால் அங்கே, அழைத்தவரும் வந்தவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். விருந்தாளிக்குச் சளி பிடித்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இருந்தார்கள்.

இன்று அழைப்பவர் யார் என்று பாருங்கள். செண்பகாதேவி அருவிக்கும், தேனருவிப் பக்கமும் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போகக் கூடாது. சித்ரா பௌர்ணமிக்கு செண்பகாதேவி அம்மன் கோவிலுக்குப் போகும் பக்தர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. இந்தத் தடை உள்ளூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும், காவலுக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே ஏறி, வழுக்குப் பாறையில் நின்று அரை நிமிடக் காட்சி எடுத்து, ‘யாருக்கும் தெரியாத இடம்’ என்று தலைப்புப் போட்டு, வழியும் சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் பையனுக்குப் பாறை எது, பாசி எது என்று தெரியாது. தண்ணீர் திடீரென்று நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது, உடனே கரையேற வேண்டும் என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் இந்த ஒரு வரிக்கு இடமில்லை. அழைப்பு மட்டும் இருக்கிறது. வாசலில் ஆள் இல்லை.

இப்படிச் செய்வது பிழைப்பு என்று சிலர் நியாயம் சொல்கிறார்கள். பிழைப்புக்கு நாம் எதிரி இல்லை. ‘குற்றாலம் நிலவரம்’ என்று தினமும் காலையில் எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், குளிக்க அனுமதி உண்டா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் போடுகிற ஆட்டோக்காரர்களும் கடைக்காரர்களும் லாட்ஜ் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களும் பிழைப்புக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் தடை என்றால் தடை என்று போடுகிறார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர் ஏமாந்து திரும்பக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அரசு செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள் அவர்கள். அதே போனில், சென்ற ஆண்டு வெள்ளத்தை இன்றைய வெள்ளமாக்கி ஓட விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு பொய்யால் ஒரு வார அறை முன்பதிவு ரத்தாகிறது; ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் அழுகுகின்றன. பிழைப்பு என்ற ஒரே சொல்லால் இந்த இருவரையும் ஒன்றாக்கிவிட முடியாது.

இன்னொரு வழக்கத்தைப் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல வேண்டும். பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. ஐந்தருவியிலும் பெண்களுக்கென்று கிளைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் பொழுது முழுக்க உழைக்கிற பெண்கள், ஆண்டில் ஒருநாள் பயமில்லாமல் தலை நனைக்கும் இடம் அது. அந்தப் பக்கம் போனைத் திருப்பி, நனைந்த உடையில் நிற்கிற பெண்களைப் படம் பிடித்து, அருவியைக் காட்டுவதாகச் சொல்லி உலகத்துக்குக் காட்டுகிறவன் செய்வது கயமை. ‘பொது இடம்தானே’ என்ற பதில் செல்லாது. பொது இடத்தில் குளிக்கிறவள் பொதுச் சொத்தாகிவிடுவதில்லை. இந்தக் காட்சிகளைப் பார்த்து விருப்பக் குறி போடுகிறவர்களும் இதில் பங்காளிகள்.

மலைக்கு நேர்ந்ததையும் பார்ப்போம். கூட்டம் இல்லாத அருவி, தான் மட்டும் நிற்கிற அருவி: இதுதான் திரைக்குப் பிடித்த காட்சி. பேரருவியில் அதற்கு வழியில்லை. ஆக, அப்படி ஓர் அருவியைக் காசு கொடுத்தால் தருவதாகச் சொல்லும் விடுதிகள் முளைத்தன. இயற்கையாக ஓடிவந்த நீரோடையை மறித்து, திருப்பி, பாறையில் விழவைத்து, ‘உங்களுக்கே உங்களுக்கான அருவி’ என்று விளம்பரம் செய்தார்கள். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓடை என்பது விடுதிக்காரர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் இல்லை. அது சிற்றாற்றில் சேர வேண்டியது. தென்காசிக் குளங்களுக்கும் வயல்களுக்கும் போக வேண்டியது. தாமிரபரணியில் கலக்க வேண்டியது. போனின் சட்டகத்துக்குள் ஒருவர் தனியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்காக ஒரு நீர்வழி திருப்பப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றுகிறதா, சமூகம் தொழில்நுட்பத்தை மாற்றுகிறதா என்று கல்லூரிகளில் விவாதிக்கிறார்கள். இங்கே இரண்டும் சேர்ந்து மலையையே மாற்றிவிட்டன. ஓடையை இப்படித் திருப்பியது திருட்டு. அதைச் செய்தவர்களும், பார்த்தும் பாராமல் அனுமதி கொடுத்த அதிகாரிகளும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட வேண்டியவர்கள்.

இவற்றுக்கெல்லாம் மருந்து ‘தடை செய்’ என்ற இரண்டு சொல்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அதையும் செய்து பார்த்தாயிற்று. 2019 ஏப்ரல் 3 அன்று இதே மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை விதிக்கச் சொன்னது. ஏப்ரல் 24 அன்று அந்தத் தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை எல்லைப் பிரச்சினையை ஒட்டித் தடை செய்தது. அடுத்த பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் வசதியை இந்தியாவில் இறக்கியது. கடை மாறியது, வாடிக்கை மாறவில்லை. அரை நிமிடத்தில் பத்துப் பேரின் கண்ணில் பட வேண்டும் என்ற தாகம் நம்மிடம் இருந்தது. எந்தச் செயலி வந்தாலும் அந்தத் தாகம் அதைத் தேடிப் போகும்.

அதற்காகச் செயலிக்காரர்களைத் தப்ப விடுவதும் சரியில்லை. வேண்டிய இடத்தில் அழுத்தினால் அவர்கள் மாறுவார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தில் ஒரு மூதாட்டி, குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி ஊரின் மூளையில் ஏறியிருந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இதே கொடுமை நடந்தது. அரசு கேள்வி கேட்டது, பத்திரிகைகள் கேட்டன. அந்த ஜூலையிலேயே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2019 ஜனவரியில் உலகம் முழுதும் அதே கட்டுப்பாடு வந்தது. நம் கிராமத்துச் சாவுகள் உலகத்தின் போன்களை மாற்றியிருக்கின்றன. ஆகவே, ‘அது அமெரிக்காக்காரன் செய்தது, நாம் என்ன செய்ய முடியும்’ என்று கைவிரிப்பவர்களை நாம் ஏற்க முடியாது. தடை செய்யப்பட்ட வனப்பகுதியின் இருப்பிடக் குறியீட்டோடு வரும் காட்சியைப் பரவாமல் நிறுத்துவது அந்த நிறுவனங்களுக்குச் சின்ன வேலை. கூட்டம் சேரச் சேர அவர்களுக்கு வருமானம், ஆகவே செய்யவில்லை.

கேள்வி கேட்க ஆள் இருந்தால் காரியம் நடக்கும் என்பதை, தென்காசி மாவட்டத்திலேயே இன்னொரு வீடியோ வேறு விதமாக நமக்குக் கற்றுத் தந்தது. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் உங்களுக்குத் தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அதைச் சொன்னவரே படமும் எடுத்தார், பெருமையாகத் தன் ஆட்களுக்கு அனுப்பினார். ‘கட்டுப்பாடு’ என்றால் என்னவென்று தெரியாமல் நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தை நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பாய்ந்தது, கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாதென்று நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாதி வெறியைப் போன் உண்டாக்கவில்லை. அது எத்தனையோ தலைமுறைச் சொத்து. அந்த வெறிக்குப் போன் ஒரு மேடை கொடுத்தது, அதே மேடை அதைப் பிடித்தும் கொடுத்தது. பிடித்துக் கொடுத்தது மட்டும் போதாது. பின்னால் ஒரு சட்டம் ஆயத்தமாக நின்றது, அதைப் பயன்படுத்தத் துணிந்த அதிகாரிகள் இருந்தார்கள். அதனால் அந்த வீடியோ நீதிமன்றம்வரை போனது. பழைய குற்றாலத்து வீடியோவுக்குப் பின்னால் அப்படி ஆயத்தமாக நின்றது எதுவும் இல்லை. அதனால் அது பார்த்து, பதறி, அடுத்ததுக்கு நகரும் காட்சியாகப் போயிற்று. குழந்தைகளை அவமதித்தவருக்குக் கிடைத்த பதிலில் பத்தில் ஒரு பங்கு வேகம்கூட, அருவியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு எச்சரிக்கை முறையை அமைப்பதில் காட்டப்படவில்லை.

அழைக்கிறவர்களில் பெரிய ஆள் அரசுதான். ஆண்டுதோறும் சாரல் விழா எடுத்து, மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, கொழுகொழு குழந்தைப் போட்டி என்று வரவேற்பு வளைவு வைப்பது அரசு. வாகன நுழைவுக்கும் நிறுத்தத்துக்கும் காசு வாங்குவது உள்ளாட்சி. பேரருவி பேரூராட்சியின் பொறுப்பில், பழைய குற்றாலம் அன்று ஊராட்சியின் பொறுப்பில், மேலே காடு வனத்துறையின் பொறுப்பில், பாதுகாப்புக்கு நிற்பது காவல்துறை. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஒரு துறையின் மலையில் பெய்து, இன்னொரு துறையின் படிக்கட்டில் ஆளை அடிக்கிறது. இத்தனை துறைகள் இருந்தும், மேலே மழை பெய்கிறது என்ற ஒரு சேதியைக் கீழே கொண்டுவர அன்று ஓர் ஆளும் இல்லை என்பது வெட்கக்கேடு.

முடியாத காரியமா இது? 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் ஒரே நேரத்தில் பெரும் சத்தத்தோடு அலறியது பலருக்கு நினைவிருக்கும். பேரிடர் எச்சரிக்கையைக் குறிப்பிட்ட டவரின் எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போன்களுக்கும் ஒரே நொடியில் அனுப்பும் முறையைத் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து சோதித்தன. பழைய குற்றாலத்தில் வெள்ளம் வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. அருவிக்கடியில் நிற்பவன் கையில் போன் இருக்காது என்பது உண்மை. ஆனால் கரையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிற நூறு பேர் கையில் இருக்கும். அந்த நூறு போனும் ஒரே நேரத்தில் அலறியிருந்தால், படம் எடுத்துக்கொண்டிருந்த அதே மனிதர்கள் ‘ஏறுங்க, ஏறுங்க’ என்று கத்தியிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் சேதி சொல்லவில்லை.

இந்த வேலையைச் செய்யத் தென்காசிக்கு வெளியே ஆள் தேட வேண்டியதும் இல்லை. பழைய குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டரில் மத்தளம்பாறை. 2011-இல் தென்காசிப் பக்கம் கால் வைத்த ஸோஹோ நிறுவனம் அங்கே கிராமத்துப் பிள்ளைகளை வைத்து உலகத்துக்கு மென்பொருள் செய்கிறது. அதன் ‘அரட்டை’ செயலி 2021-இல் வந்தது. 2025 செப்டம்பரில் ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் சேர்ந்தது மூன்றே நாளில் மூன்றரை லட்சமானது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நம் மண்ணில் இப்படி ஒன்று நடப்பது பெருமையே. ஆனால் சுதேசி என்ற பெயர் மட்டும் ஒரு செயலியை நல்லதாக்கிவிடாது. உரையாடல்களுக்கு முழு மறையாக்கம் எங்கே என்று பயனர்கள் அப்போதே கேட்டார்கள். அந்தக் கேள்வியால் அதைச் சேர்க்கும் வேலை வேகம் பிடித்தது. வாட்ஸ்அப்பிடம் கேட்ட கேள்வியை அரட்டையிடமும் கேட்பதுதான் நேர்மை. அந்த நிறுவனத்திடம் நாம் கேட்க இன்னும் ஒன்றும் இருக்கிறது: உங்கள் வாசலில் இருக்கிற அருவிக்கு, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் எச்சரிக்கை முறையைச் செய்து கொடுங்கள். உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய சவால் இல்லை.

செய்ய வேண்டியவை நீளமானவை இல்லை. ஒவ்வோர் அருவிக்கும் மேலே மலையில் நீர்மட்டமும் மழையளவும் பார்க்கும் கருவி வேண்டும்; அதன் சேதி கீழே சங்காக ஊதவும், அந்த இடத்துப் போன்களில் தமிழிலும் மலையாளத்திலும் ஒலிக்கவும் வேண்டும். கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். எல்லா அருவிகளுக்கும் சேர்த்து, பெயர் சொல்லி ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும். பெண்கள் குளிக்கும் பகுதியில் போன் எடுக்கத் தடை என்று பலகை வைத்து, மீறுகிறவரின் போனைக் கைப்பற்றி வழக்குப் போட வேண்டும். தடை செய்த காட்டுக்குள் போய் எடுத்த காட்சியை வெளியிடுகிறவர் மீது, அந்தக் காட்சியையே சாட்சியாக வைத்து வனச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டும். தாமே எடுத்துத் தாமே கையெழுத்துப் போட்ட சாட்சியம் அது. மதுரைக் கிளையின் 2022 உத்தரவுக்குப் பிறகு எந்தெந்த விடுதியின் அருவி மூடப்பட்டது, எந்த ஓடை பழைய வழிக்குத் திரும்பியது என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் ஊரார் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

குற்றாலத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், அந்தப் பதிவிலேயே அன்றைய தடை நிலவரத்தையும் ஆபத்தான இடத்தையும் ஒரு வரியில் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்கிறோம். இதற்குச் சட்டம் வேண்டாம், மனது போதும்.

அரசுக்கு மட்டும் கெடு வைக்கிறோம். சங்கும், போன் எச்சரிக்கையும், பொறுப்பான ஓர் அதிகாரியும் இல்லாமல் இனியொரு சாரல் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்க அரசுக்கு உரிமை இல்லை.